ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்

காலையிலிருந்து டெஸ்ஸா ஹ்ருஸ்கா நின்ற மூன்றாவது வரிசை அது. ஒருவழியாகப் பல்கலைக்கழகப் பாட ஆலோசகர் லிண்ட்கிரென் எதிரே உட்கார்ந்தபோது, சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

பள்ளியின் கடைசி வருடத்திலேயே கல்லூரிக் கால்குலஸைப் படித்தவள் அவள். மே மாதம், ஜிம்மில் மல்யுத்தப் பாய்களின் வியர்வை நாற்றத்துக்கு நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பாடத்துக்கு நாடு முழுக்க நடக்கும் ஏபி தேர்வை எழுதினாள். ஐந்துக்கு ஐந்து. நெப்ராஸ்காவில் அவள் ஊர் வாரப் பத்திரிகை, சோள விலைக்குப் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டது.

"உனக்கு முதல் கால்குலஸை முடிச்சதாவே கிரெடிட் குடுத்தாச்சேம்மா. இல்லேன்னு யாரு சொன்னா?" என்றார் லிண்ட்கிரென்.

"அப்ப ரெண்டாவது கால்குலஸ்ல போடுங்க."

"கிரெடிட் வேற, எந்த வகுப்புல உக்காரலாங்கறது வேற. இஞ்சினியரிங் துறை ஏபி மார்க்கை ஏத்துக்காது. நீ ஆகஸ்ட்ல தகுதிச் சோதனை எழுதியிருக்கணும்."

"எழுதத்தான் போனேன். 'உங்களுக்குத்தான் கிரெடிட் இருக்கே, சோதனை எதுக்கு'ன்னு கம்ப்யூட்டர் வெளிய தள்ளிடுச்சு."

"ஆமா, அது தள்ளும்."

டெஸ்ஸா பல்லைக் கடித்தாள். "சரி, முதல் கால்குலஸ்லயே போடுங்க. படிச்சதையே திரும்பப் படிச்சுத் தொலைக்கிறேன்."

அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "அதுவும் விடாது. உனக்குத்தான் கிரெடிட் இருக்கே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டான், கோயில் கதவைத்தான் திறக்கமாட்டேன் என்கிறான். இந்தப் பருவத்தில் கணக்கு வகுப்பே இல்லையென்றால் அடுத்த பருவத்தில் இயற்பியல் கிடையாது. அது இல்லையென்றால் இஞ்சினியரிங் பாடங்கள் எல்லாமே ஒரு வருடம் தள்ளிப்போகும். முதல் கால்குலஸாவது கிடைத்தால், கோடை விடுமுறையைத் தியாகம் செய்து எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். வகுப்புகளில் பேர் பதியும் கெடு அன்று மாலையோடு முடிகிறது.

"ஒரு வழி இருக்கு," என்று லிண்ட்கிரென் ஒரு படிவத்தை நகர்த்தினார். "கிரெடிட் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு. முதல் கால்குலஸ் வகுப்பு திறந்துடும்."

"பாஸ் பண்ணினதைப் பண்ணலைன்னு எழுதித் தரணுமா?"

"பண்ணலைன்னு இல்லம்மா, வேண்டாம்னு. நல்லாப் படிச்சுப் பாத்துக்கோ, ஒரு தடவை குடுத்தா திரும்ப வாங்க முடியாது."

பேனாவை அழுத்தியதில் காகிதம் கிழியப் பார்த்தது. தன் பொருளைத் தானே திருடிக்கொடுப்பதுபோல இருந்தது அவளுக்கு. லிண்ட்கிரென் முத்திரை குத்தி, ஒரு நகலை அவளிடம் கொடுத்தார்.

அடுத்த இரண்டு வாரம், இருநூறு பேர் உட்கார்ந்த கூடத்தில், பேராசிரியர் ஆல்ட்ஹவுஸ் கரும்பலகைக்குத் திரும்பும் முன்பே டெஸ்ஸாவுக்கு விடை தெரிந்திருந்தது. நோட்டின் ஓரத்தில் பசுமாடு வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவன் அவள் விடைகளைப் பார்த்து எழுதினான். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஆல்ட்ஹவுஸ் அவளை நிறுத்தினார்.

"நீதானே ஹ்ருஸ்கா? ஏபியில அஞ்சு வாங்கினவங்க பட்டியல் எங்க ஆபீஸ்ல இருக்கு, அதுல உன் பேரைப் பாத்தேன். கணக்கு உதவி மையத்துல, சந்தேகம் கேட்டு வர்ற பசங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆளே இல்லம்மா. நீ வர்றியா?"

"எந்த வகுப்புக்கு?"

"இதே வகுப்புக்குத்தான். அஞ்சு வாங்கியிருந்தாப் போதும், வேற சோதனை எதுவும் கிடையாது."

டெஸ்ஸா பையிலிருந்து மடித்த நகலை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"இதுல ஏம்மா கையெழுத்துப் போட்ட?"

"ஏன் போட வச்சீங்கன்னு உங்க ஆலோசகரைக் கேளுங்க சார்."

அவர் முகம் சிவந்தது. "சரி, அது கிடக்கட்டும். உனக்குக் கணக்கு தெரியுமில்ல, அது போதும் எங்களுக்கு."

"தெரியாது சார். உங்க பல்கலைக்கழகமே முத்திரை குத்திக் குடுத்திருக்கு." காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "மையத்துக்கு ஆள் கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க. வீட்டுப்பாடத்துல எனக்கு நிறைய சந்தேகம் கேக்கணும்."