துக்க வீட்டுக்கு ரோஸ் சுண்ணாம்பு

ஃபிடென்சியோ உதைத்த உதையில் சுண்ணாம்பு வாளி முற்றத்தைத் தாண்டிப் போய்க் கோழிக்கூண்டில் மோதியது.

"எங்கண்ணனப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உனக்கு ரோஸ் கலரு கேக்குதா, அண்ணி?"

ஒட்டிலியா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு வாளி இருந்தது. சப்பாத்திக்கள்ளிச் சாறு விட்டுக் கலக்கியது. பூசாமல் வைத்தால் இறுகிவிடும்.

"கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, மேல தெறிக்கும்" என்றாள்.

எங்கள் ஊரில் புருஷன் செத்தால் வாசல் நிலையில் கறுப்புத் துணிப்பூ கட்ட வேண்டும். ஒரு வருஷம் சுவர் வெள்ளையாகவும் பெண்டாட்டி கறுப்பாகவும் இருக்க வேண்டும். பெண்டாட்டி செத்தவனுக்கு என்ன நிறம் என்று விசாரித்துப் பார்த்தேன். அவனுக்கு நல்ல பெண் இருந்தால் சொல்லச் சொன்னார்கள்.

மற்றபடி மெக்சிகோவிலேயே வஹாக்காக்காரர்கள் நாங்கள் நிறத்துக்குப் பேர்போனவர்கள். கள்ளிப்பூச்சியை நசுக்கி எங்கள் முன்னோர் எடுத்த சிவப்புக்காக ஸ்பெயின் ராஜா கப்பலுக்கு மேல் கப்பல் அனுப்பினான். ஒட்டிலியாவின் புருஷன் ருத்திலியோ பூச்சியைத் தேடவில்லை. அவள் தலையைச் சுவரில் மோதியே சிவப்பு எடுத்தான். அப்போதெல்லாம் தெருவில் ரேடியோக்கள் உரக்கப் பாடும். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடாத நாகரிகம் எங்களுக்கு உண்டு. விடிந்ததும் அவளே கறையின்மேல் வெள்ளை பூசிவிடுவாள்.

ஃபிடென்சியோ அரிவாளை உருவி ஈரச் சுவரைச் சுரண்டினான். அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவள் சடையைப் பிடித்தான். அண்ணன் விட்ட இடத்திலிருந்து தம்பி தொடர்ந்தான். உதடு கிழிந்து ஒரு பல் சுண்ணாம்பில் விழுந்தது.

"இது எங்க வீடு. வெள்ளையடிச்சுட்டுக் கெட. இல்லன்னா மூட்டையக் கட்டு."

பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கி அவன் முகத்தில் ஊற்றினாள்.

அவன் கண் தெரியாமல் வீசிய அரிவாள் அவள் முழங்கையைக் கிழித்துவிட்டுத் தரையில் விழுந்தது. அவன் அலறினான். ஆண் குரல் அல்லவா, தெரு முழுவதும் ஓடி வந்தது. நானும் வந்து அரிவாளைத் துணிச்சலோடு கைப்பற்றினேன். அப்போது அது யார் கையிலும் இல்லை.

எதிர்வீட்டு செஃபெரினா அவன் கண்ணைக் கழுவிக்கொண்டே பஞ்சாயத்தைத் தொடங்கினாள்.

"உன்ன அடிச்சது தப்புதான்டி. ஆனா ரோஸ் பூசினா ஊரு சும்மா இருக்குமா?"

"இதுவர வெள்ளையடிச்சது போதும்க்கா. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

செஃபெரினா அவன் கண்ணில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப மஞ்ச பூசு. செத்தவங்க நாளுக்கு மஞ்சச் சாமந்திய வாசல்லேருந்து வரிசையாப் போட்டுத்தான அவங்க ஆவி வீட்டுக்கு வர வழி காட்டறோம்? துக்கத்துக்கும் ஆச்சு, கலருக்கும் ஆச்சு. ஒருத்தன் வாயத் திறக்க முடியாது."

"மஞ்சன்னா சரி" என்று முனகினான் ஃபிடென்சியோ, கண்ணைத் திறக்காமலே. "வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

பெண்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், நியாயமாகத்தான் பட்டது.

ஒட்டிலியா தோள்சால்வையால் முழங்கையை இறுக்கிக் கட்டினாள். கடைசி வாளியில் மட்டையைத் தோய்த்து, அவன் சுரண்டிய இடத்தில் ரோஸ் பூசத் தொடங்கினாள்.

"மஞ்ச வேணாம்க்கா" என்றாள். "அதப் பாத்தா வழி தெரிஞ்சு அவன் வந்துடுவான்."