ஒரு குடை உயரம்

அமெரிக்காவில், பேர்லேண்டில் யார் இந்தியா போய்விட்டு வந்தாலும் நண்பர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு ஸ்லைடு ஷோ காட்டியாக வேண்டும். சாப்பிட்டவர்களுக்கும் தப்ப வழியில்லை. இன்றைக்கு இவர் தூங்கிவிட்டால், நாளைக்கு இவருடைய ஸ்லைடுக்கு அவர் தூங்குவார். 1985 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த முறை ராமசுப்ரமணியனுக்கு வந்தது.

"எல்லாரும் மெட்ராஸ் கல்யாணத்தையே காட்டி bore பண்றா. நாங்க சம்பா போனோம். ஹிமாச்சல்ல. கோயிலும் அரண்மனையுமா கொட்டிக் கிடக்கு!" என்று விளக்கை அணைத்தார்.

அவர் மனைவி ஷ்யாமளா அன்று மயில்கழுத்துப் புடவை கட்டியிருந்தாள். சம்பாவில் கடைசி நாள் கட்டிய அதே புடவை. காரணம் இருந்தது. ராமசுப்ரமணியன் பாலம் கட்டும் கம்பெனியில் எஞ்சினியர். அவர் எடுக்கும் படத்தில் மனிதர்கள் தலைகாட்டக் கூடாது. ஆனால் கட்டடத்தின் உயரம் தெரிய, பக்கத்தில் அளவுக்கு ஒரு பொருள் நின்றாக வேண்டும். சம்பாவில் அவர் கைக்கு அகப்பட்டது ஷ்யாமளாவின் சிவப்புக் குடை. கோயில் கோயிலாக அதை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்பார். மலை மழை விடாமல் தூறியது. ஷ்யாமளா தள்ளிக்கொண்டு, குடையைப் பார்த்தபடியே நனைந்தாள்.

கடைசி நாள் ரங்க மஹால் அரண்மனை வாசலில் பிடிவாதம் பிடித்தாள். "நானும் வந்தேன்னு யாருக்காவது தெரிய வேண்டாமா? என்னை ஒண்ணே ஒண்ணு எடுங்கோன்னா." அவரும் எடுத்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஷ்யாமளா நிற்க, காமிரா க்ளிக் என்றதை அவள் தன் காதாலேயே கேட்டாள். அந்த ஒரு படத்துக்காகத்தான் இந்தப் புடவை. ஸ்லைடுகளை அவர் அவளைத் தொடக்கூட விடவில்லை. விரல் ரேகை பட்டுவிடுமாம்.

சுவரில் லக்ஷ்மி நாராயணர் கோயில் விழுந்தது. கல் சிகரம், அதன் உச்சியில் வட்டமாக மரக் கூரை. கீழே சிவப்புக் குடை.

"கோபுரத்துக்கே குடை வெச்சிருக்காளே!" என்றாள் காமாக்ஷி. வாஞ்சிநாதனின் மனைவி, மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுகிறவள்.

"பனி விழாம இருக்கறதுக்கு," என்றார் ராமசுப்ரமணியன்.

"ஆமா, அந்த ஊர்ல எல்லாத்துக்கும் குடை இருந்தது," என்றாள் ஷ்யாமளா.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த கோயில், குடை. அதற்கடுத்த கோயில், குடை. ராஜா வாழ்ந்த அரண்மனை வந்தது. அதன் வாசலிலும் குடை, ஏதோ குடையைத்தான் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனது போல. வாஞ்சிநாதன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

காமாக்ஷி கேட்டே விட்டாள். "நீ போகலையா ஷ்யாமளா? லீவு கிடைக்கலையா?"

"இரு, வரேன்," என்று சிரித்தாள் ஷ்யாமளா. பேசும்போதே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நாற்பது வயதில் இதற்கெல்லாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ரங்க மஹால் வந்தது. ஆனால் படம் ஏனோ ஒடுங்கலாக, பாதி அகலத்துக்குத்தான் விழுந்தது. பெரிய வாசல், வளைவு, ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் சிவப்புக் குடை. குடையின் பிடியில் நான்கு விரல்கள். அதற்கப்பால் ஒரே கறுப்பு.

"அது யார் கை?" என்றாள் காமாக்ஷி.

"ஷ்யாமளாதான். க்ளிக் பண்றச்சே கண்ணை மூடிட்டா. அதான் ஸ்லைடுல அந்தப் பக்கத்தை மட்டும் டேப் ஒட்டி cut பண்ணிட்டேன். ஆர்ச் எவ்வளவு நன்னா வந்திருக்கு பாருங்கோ!"

யாரோ சிரித்தார்கள். ஷ்யாமளாவுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரம். எழுந்து போய் வாசல் அலமாரியிலிருந்து அதே குடையை எடுத்து வந்தாள். நேரே சுவர் முன்னால் போய் நின்றாள். ரங்க மஹால் அவள் முகத்திலும் புடவையிலும் விழுந்தது.

"மறைக்கறயே! கொஞ்சம் தள்ளிக்கோ."

"தள்ளிக்க மாட்டேன்," என்றாள். சத்தமெல்லாம் போடவில்லை. "வாஞ்சி, காமிரா கொண்டு வந்திருக்கேளோல்லியோ? ஒரு போட்டோ எடுங்கோ. நான் கண்ணை மூட மாட்டேன்."

வாஞ்சிநாதன் தூக்கம் கலைந்து, ராமசுப்ரமணியனை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்தார். காமாக்ஷி அவர் விலாவில் இடித்தாள். ஃபிளாஷ் அடித்தது.

மறுவாரம் வாஞ்சிநாதன் பிரிண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ராமசுப்ரமணியன்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், மயில்கழுத்துப் புடவை, சிவப்புக் குடை, கண்ணை அகலத் திறந்தபடி ஷ்யாமளா. ஃபிளாஷ் வெளிச்சத்தில் ரங்க மஹால் அடியோடு காணாமல் போயிருந்தது. ஒரு கல்கூட மிச்சமில்லை.

"பேலஸ் விழவே இல்லையே," என்றார் வருத்தத்தோடு.

"பேலஸ்தான் உங்ககிட்ட நிறைய இருக்கே," என்று ஷ்யாமளா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். தினமும் காலையில் காபிக்கு அவர் பால் எடுக்கும் ஃபிரிட்ஜ் கதவில், அவர் கண் உயரம் பார்த்து ஒட்டினாள்.