துக்க விடுப்புக்கு உரியவர்கள்

சந்தனம்மாள் இறந்த காலையில் செலின் அவசரப் பிரிவில் டூட்டியில் இருந்தாள். "செலினு, அம்மா போயிருச்சு" என்று மட்டும் வேல்விழி போனில் சொன்னாள்.

செலின் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே மேட்ரன் அறைக்குப் போனாள்.

"மேடம், மூணு நாள் துக்க லீவு வேணும்."

மேட்ரன் பதறி எழுந்தார். "ஐயையோ, யாரும்மா? அப்பாவா?"

"வேலுவோட அம்மா."

மேட்ரன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "வேல்விழிக்கு லீவு போட்டாச்சே. அதுல ஒனக்கெதுக்கு? கூட வேலை பாக்குறவுக வீட்டுச் சாவுக்கெல்லாம் லீவு குடுத்தா ஆஸ்பத்திரிய இழுத்து மூட வேண்டியதுதேன். சாயங்காலம் டூட்டி முடிச்சு, ஒரு மாலைய வாங்கிட்டுப் போ."

அந்தத் துக்க விடுப்பே செலினால் வந்தது. அதற்கு முன்னால் அந்தத் தனியார் மருத்துவமனையில் யார் வீட்டில் யார் செத்தாலும் டூட்டி முடிந்துதான் கிளம்ப வேண்டும். அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் ஒரு நர்ஸை ஷிப்ட் முடியும்வரை நிறுத்தி வைத்தபோது, செலின்தான் எல்லோரையும் திரட்டி வாசலில் உட்கார வைத்தாள். மழையில் நனைந்து, தொண்டை கட்டிப்போகக் கத்தினாள். 'குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் மூன்று நாள் விடுப்பு' என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. அன்று குடும்பம் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. செலினும் கேட்கவில்லை.

அவளும் வேல்விழியும் பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி வீட்டில் பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். மருத்துவமனையில் அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே பெருந்தன்மை. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி என்பார்கள். டூட்டி போடும்போது மட்டும், "ஒங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா?" என்று பொங்கலையும் தீபாவளியையும் கிறிஸ்துமஸையும் இவர்கள் தலையில் கட்டுவார்கள்.

பக்கவாதத்தில் விழுந்த சந்தனம்மாளை மகன் சுந்தரலிங்கம் கைவிட்ட பிறகு, அந்த மாடி வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார்கள். முதலில் கிழவி செலின் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். போகப்போக, செலின் வராவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டதும், குளிப்பாட்டியதும், சோற்றைக் குழைத்து ஊட்டியதும் செலின்தான்.

"நான் போறேன் மேடம்" என்று சொல்லி, அடுத்த ஷிப்ட் நர்ஸை வரவழைத்து வார்டை ஒப்படைத்துவிட்டு, செலின் ஆண்டிபட்டி பஸ்ஸில் ஏறினாள். சொந்த ஊரில்தான் எடுக்க வேண்டும் என்று சுந்தரலிங்கம் உடம்பை அங்கே தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான்.

அங்கே உடம்பைக் குளிப்பாட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மடங்கி இறுகிப்போன வலது கையை யாரோ வெடுக்கென்று இழுத்ததைப் பார்த்ததும் செலின் தன்னை மறந்து கிட்டே போனாள்.

"இவுக யாரு?" என்றான் சுந்தரலிங்கம்.

எல்லோரும் வேல்விழியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கூட வேலை பாக்குறவுக."

"நர்ஸம்மா, நீங்க அங்கன சேர்ல உக்காருங்க" என்றாள் ஒரு அத்தை.

செலின் பந்தலில், முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். யாரோ சோடா கொண்டுவந்து நீட்டினார்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. அவள் அழவில்லை. அழுதால் அதற்கும் என்ன உறவு என்று கேட்பார்கள்.

காரியமெல்லாம் முடிந்து இருவரும் பழனிசெட்டிபட்டிக்குத் திரும்பியபோது, அனுமதியில்லாமல் பணியை விட்டுப் போனதற்கு மெமோ வந்திருந்தது. செலின் அதைப் படித்துவிட்டு வேல்விழியிடம் திரும்பினாள்.

"கூட வேலை பாக்குறவுகளா நானு?"

"அங்கன அத்தன பேருக்கு நடுவுல என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"மேட்ரனும் இதையேதேன் சொன்னாக. அதே வார்த்த. அத ஒன் வாயாலயும் நான் கேக்கணுமா வேலு?"

வேல்விழி அம்மாவின் கட்டிலில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. இயக்குநர் டாக்டர், மேட்ரன், நிர்வாக அதிகாரி திலீபன், ஊழியர் சங்கத் தலைவி அனிதா மேரி. செலின் அதே சங்கத்தின் செயலாளர்.

"தோழியோட அம்மான்னு எழுதி, ஒரு மன்னிப்பும் எழுதிக் குடுங்க சிஸ்டர். இதோட முடிச்சுக்கலாம்" என்றார் திலீபன்.

அனிதா மேரி அவள் காதருகே குனிந்தாள். "சித்தின்னு எழுதிருடி. சம்பளப் பேச்சுவார்த்தை ஓடுது. இந்த நேரத்துல சங்கத்துப் பேரு நாற வேணாம்."

"நான் செஞ்சது நாத்தமா அக்கா?" என்று செலின் சத்தமாகவே கேட்டாள். "தோழின்னும் எழுத மாட்டேன், சித்தின்னும் எழுத மாட்டேன்."

"அப்ப என்னதான் உறவு? சொல்லும்மா" என்றார் டாக்டர்.

செலின் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பிரசவ வார்டுச் சீருடையோடு வேல்விழி நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எங்கம்மாவுக்கு இவ மருமக, டாக்டர். நானும் இவளும் சேந்து வாழுறோம். ஊர்ல கேட்டாக. பயந்துக்கிட்டுச் சொல்லாம விட்டுட்டேன். இங்கன சொல்றேன்."

அவள் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் உங்க வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய விஷயம். இத்தன வருஷத்துல நாங்க ஒரு வார்த்தை கேட்டிருப்போமா?"

"கேக்கல டாக்டர்" என்றாள் செலின். "கேக்காம இருந்ததுக்குத்தேன் ஒவ்வொரு பொங்கலையும் எங்ககிட்ட இருந்து பிடுங்கிக்கிட்டீக. நாங்க வாயத் தொறக்காத வரைக்கும் நல்லவுக. செத்த வீட்டுக்குப் போகணும்னு கேட்டதும் கெட்டவுகளா?"

மெமோ எச்சரிக்கையாக அவளுடைய பணிப் பதிவில் ஏறியது. அடுத்த வாரம் வேல்விழியைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்து, கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் அறைக்கு அனுப்பினார்கள். "பொம்பளைக கூச்சப்படுவாக" என்றார் மேட்ரன். எந்தப் பெண் கூச்சப்பட்டாள் என்று செலின் கேட்டாள். யாரும் புகார் சொல்லவில்லை. இனிமேல் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் மாற்றியதாக மேட்ரன் சொன்னார். இரண்டாவது பிரசவத்துக்கு வடுகபட்டியிலிருந்து வந்த ஒருத்தி வேல்விழியைப் பெயர் சொல்லிக் கேட்டாள். அவள் லீவில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேல்விழி அப்போது அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கத்தரிக்கோல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சங்கக் கூட்டத்தில் செலின் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். துக்க விடுப்புக்குத் தன் குடும்பம் யார் என்பதை வேலை பார்ப்பவரே சொல்ல வேண்டும். அதை நிர்வாகம் ஏற்க வேண்டும்.

"இப்ப வேணாமே" என்றாள் அனிதா மேரி.

"எம்மகளுக்கு வரன் பாக்குற நேரம். இப்பிடி ஒரு சங்கத்துல இருக்கேன்னு எப்பிடி வெளிய சொல்ல?" என்றாள் ஒரு மூத்த நர்ஸ்.

"மழையில நான் கத்துனப்ப இந்த வெக்கம் எங்க போச்சு அக்கா?" செலின் எழுந்துவிட்டாள். "அந்த லீவ எடுக்காதவுக யாராச்சும் இங்கன இருக்கீகளா?"

கடைசி வரிசையிலிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் காமராஜ் எழுந்தான். கூட்டங்களில் வாயே திறக்காதவன்.

"என்னைய வளத்தது எங்க மதினி. போன வருசம் அவுக செத்தப்ப லீவு கேட்டேன். மதினி குடும்பத்துல வராதுன்னுட்டாக. அன்னைக்கும் வந்து ரத்தம் எடுத்தேன். செலினக்கா கேக்குறது எனக்கும் வேணும்."

அதன் பிறகு ஒவ்வொருவராகத் தங்களுக்கு லீவு கிடைக்காத சாவுகளைச் சொன்னார்கள். வளர்த்த சித்தப்பா, விட்டுப்போன புருஷனின் அம்மா, பக்கத்து வீட்டில் பெற்ற தாயாக இருந்தவள். தனக்காக வாயைத் திறக்காதவர்கள் இப்போது தங்களுக்காகத் திறப்பதைக் கேட்டு செலினுக்கு ஆத்திரமாகவும் வந்தது. இருந்தாலும் கோரிக்கைக்கு ஆதரவாக உயர்ந்த கைகளை எண்ணினாள். கோரிக்கை தப்பிப் பிழைத்தது.

சில வாரங்கள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. பணியாளர் முன்கூட்டியே பெயர் சொல்லும் ஒருவர் இறந்தாலும் துக்க விடுப்பு உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. அனிதா மேரி ஜிலேபிப் பொட்டலத்தோடு அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்டி! எடுத்துக்க."

"எம்மேல இருக்கிற எச்சரிக்கை?"

"அது கெடக்கட்டும், விடு."

"வேலுவ எப்ப மறுபடி பிரசவ வார்டுக்கு விடுவாக?"

அனிதா மேரி பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டா எப்பிடி? குடுத்தத வாங்கிக்கிட்டுக் கொஞ்சநாள் சும்மா இருக்கணும்."

"சும்மா இருந்து பாத்தாச்சு அக்கா" என்றாள் செலின். "ஒங்க எல்லாருக்கும் லீவு கெடச்சிருச்சு. அவளுக்குப் பிரசவம் பாக்குற வேலை போயிருச்சு. கை சுத்தமான ஒருத்திய, அவ கை யாரையும் தொடக் கூடாதுன்னு கீழ பூட்டி வெச்சிருக்காக. இதுல எனக்கு ஜிலேபி எறங்குமா?"

அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். ஆவி நிறைந்த அறையில் வேல்விழி வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"வா வேலு. டாக்டர் ரூமுக்குப் போவோம்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதேன்."

வேல்விழி அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியேறினாள்.