அவர்தான் முதல்ல பேசணும்

1

இந்தக் கதை ஆன்மாவைப் பற்றிய கட்டுரையாகத்தான் பிறந்தது. எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. சர்க்கரை நோயைச் செயலாளரே எடுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு ஆயிரம் பேர் போட்டி (மூன்று பேர்). நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஆன்மா மட்டும்தான்.

"உங்களுக்கென்ன சார், வாழ்க்கை பூரா மேலயும் கீழயும் போயிட்டு வந்தவர்" என்றார் செயலாளர். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன்.

முதல் வரியை அன்றைக்கே எழுதிவிட்டேன்: 'ஆன்மா என்பது

அதற்குமேல் ஓடவில்லை. ஓடாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில்தான் என் தங்கையின் வீட்டுக்காரர், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், காகிதக் கட்டைத் தூக்கும்போது அப்படியே சரிந்து விழுந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. கட்டுரை அங்கே செத்தது. அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

2

கதையை இப்படி ஆரம்பித்துப் பார்த்தேன்:

'மருத்துவமனையின் நீண்ட வெள்ளைத் தாழ்வாரத்தில், கலங்கிய கண்களோடு ஒரு பெண்...'

அடித்துவிட்டேன். தாழ்வாரம் வெள்ளையில்லை, மங்கிய பச்சை. நீளமும் இல்லை, நாலு லிஃப்டைப் படுக்கப் போட்டால் அடைத்துக்கொள்ளும். தங்கையின் கண்களும் கலங்கவில்லை. அவள் திரைச்சீலை தைப்பவள். ஜன்னலில் தொங்கிய திரையை இழுத்துப் பார்த்து, "ஓரம்கூட அடிக்கல, வெட்டி அப்படியே மாட்டிட்டாங்க" என்று முனகிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனுக்காக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு.

"கண்ணத் திறக்கறார். ஆனா யாரையும் பாக்கல. நாங்க கூப்பிட்டோம், உங்க மக கூப்பிட்டாங்க, ஒண்ணும் இல்ல. ஸ்கேனும் நல்லா இல்லம்மா. மெஷின நிறுத்தறதா வேண்டாமான்னு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பேசிப் பாருங்க. ரொம்பப் பழகின குரலுக்குச் சில பேர் அசைவாங்க."

"நான் பேசமாட்டேன்."

"பயப்படாதீங்க. சும்மா கூப்பிட்டாலே போதும்."

"பயம் என்ன பயம். அவர்தான் முதல்ல பேசணும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன்.

3

(இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. அவசரக்காரர்களும் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.)

தங்கை வீட்டுச் சண்டையில் சத்தம் கிடையாது. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே சட்டம்: யாருடைய வார்த்தை குத்தியதோ, அவர்தான் இறங்கி வந்து முதலில் பேச வேண்டும். மற்றவர் கூரையே இடிந்து விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள் (இரண்டு வாரம்). மாப்பிள்ளை சுவரைப் பார்த்து, "சாவிய எங்க வச்சேனோ" என்பார். இவளும் அதே சுவரிடம், "மேசை மேல இருக்குன்னு சொல்லு" என்பாள். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட சுவர் அது.

கடைசிச் சண்டை ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்த அன்று. இவள் கேட்டிருக்கிறாள்: "நான் முன்னாடி போயிட்டா அங்க உங்களுக்காகக் காத்திட்டிருப்பேன். நீங்க வந்து என்னைத் தேடுவீங்கல்ல?"

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "ஜெராக்ஸ் மெஷின ஆஃப் பண்ணினா உள்ள எரிஞ்ச லைட்டு எங்க போகுது? எங்கயும் போகல. நாமளும் அவ்வளவுதான். தேடறதுக்கு அங்க யார் இருக்கப் போறா?"

அன்றைக்கு நின்றது பேச்சு. பேச்சு நின்றிருந்தபோதே அவர் விழுந்தார். ஆக, வாய் திறக்க வேண்டிய முறை அவருடையது.

4

இந்தப் பெண் கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இவளைப் பாத்திரமாக வைத்துக் கதையைக் கரை சேர்க்க முடியுமா என்றே சந்தேகம் வந்து, கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு வார்த்தைதானே. விட்டுக்குடுத்தா என்ன கொறஞ்சிடும்?"

"நீ லிஃப்ட்டப் பத்தி மட்டும் பேசுண்ணே."

"சரி, லிஃப்ட்டையே பேசறேன். ஒரு தடவ நடுவுல மாட்டிக்கிச்சு. 'உள்ள யாராவது இருக்கீங்களா'ன்னு தட்டித் தட்டிக் கேட்டோம், சத்தமே இல்ல. திறந்தா ஒருத்தர் நின்னு பேப்பர் படிச்சிட்டிருக்கார். ஏன் சார் பதில் சொல்லலன்னா, 'யாராவதுன்னுதானே கேட்டீங்க, என்னையா கேட்டீங்க'ங்கறார்."

"போன வருஷம் சொன்னப்ப அந்தாளு தூங்கிட்டிருந்தான்."

(தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.)

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணே, இந்தக் கோவம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வச்சிருக்கறது. அவரும் பேசல, நானும் பேசல. இப்ப நான் போய்ப் பேசினா, இனிமே உங்களால முடியாதுன்னு நானே அவர் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. அப்புறம் நான் யார்கிட்ட கோவிச்சுக்கறது?"

டீயில் படிந்த ஆடையை நான் விரலால் எடுத்துப் போட்டேன்.

"அப்புறம் இன்னொண்ணு. நான் பேசி, அவர் அசையலன்னு வை. நிறுத்திடுவாங்க. நான் வாயத் திறக்காத வரைக்கும் அவர் அசைவாரா மாட்டாரான்னு யாருக்கும் தெரியாதுல்ல."

சங்க மலருக்கு நான் எழுதியிருக்க வேண்டிய கட்டுரை இவ்வளவுதான் என்று அப்போது தோன்றியது. யாரும் பீரோவோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதில்லை. எதிரே ஒரு ஆள் இருந்தால்தான் பேசாமல் இருக்க முடியும். டாக்டரம்மா விளக்கடித்துக் கண்ணுக்குள் தேடியதை, இவள் தன் வாயை மூடியே அந்தக் கட்டிலில் பிடித்து வைத்திருந்தாள். இது தத்துவமா, வீம்பா, பயமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

5

இனி முடிவுகள். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: தங்கை பேசுகிறாள், மாப்பிள்ளையின் விரல் அசைகிறது. எழுதும்போது எனக்கே அழுகை வந்து பக்கம் பூரா நனைந்துவிட்டது (ஒரு சொட்டு). தங்கையின் ஒரே மகளிடம், என் மருமகளிடம், படித்துக் காட்டினேன்.

"மாமா, விரல் தினமும்தான் அசையுது" என்றாள். "முதல் நாள் நான் ஓடிப் போய் நர்ஸக் கூட்டிட்டு வந்தேன். அது தானா அசையறதாம். அர்த்தம் இல்லையாம். தயவுசெஞ்சு அத எழுதாதீங்க."

கிழித்தேன்.

இரண்டாவது: நேராக மாப்பிள்ளையின் தலைக்குள் புகுந்துவிடுவது. எழுதுகிறவனுக்கு ஸ்கேன் எதற்கு?

'அவருக்கு எல்லாமே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால்

நிறுத்திவிட்டேன். கேட்கிறது என்று எழுதினால், நாளை அந்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற கை கொலைகாரக் கையாகிவிடும். அது என் மருமகளின் கை.

'அங்கே எதுவுமே இல்லை.'

இதுவும் உதவவில்லை. எதுவும் இல்லை என்று எட்டிப் பார்த்துச் சொன்னது யார்? அடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த் தேடினேன். அங்கே மாப்பிள்ளை இல்லை. என் பழைய காக்கி யூனிஃபார்மில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். தங்கைக்குள் போய்ப் பார்த்தேன், அங்கேயும் நானே. பேனாவை மூடிவிட்டேன்.

6

நடந்ததைச் சொல்கிறேன். மருமகள்தான் அம்மாவின் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை.

"அம்மா, அப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்துடுச்சு. தொண்டைல குழாய விட்டுச் சளிய உறிஞ்சும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. உள்ள இருக்கார்னா இது அவருக்கு எப்படி இருக்கும்? இல்லன்னா இதெல்லாம் யாருக்காகப் பண்றோம்? என்னால தனியா முடிவெடுக்க முடியல."

தங்கை எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். டாக்டரம்மா, மருமகள், நான் மூவரும் பின்னாலேயே போனோம்.

அவள் திரும்பினாள். "எல்லாரும் வெளிய போங்க."

"நாங்க பாத்தாதாம்மா தெரியும்" என்றார் டாக்டரம்மா.

"புருஷன் பொண்டாட்டி சண்டையப் பாக்கறதுக்கு இது என்ன நாடகமா?"

"நான் மட்டுமாவது இருக்கேனே" என்றேன்.

"நீதான் முதல்ல போகணும். நீ ஒண்ண ஒம்பதாக்குவ."

கதையை எழுதுகிறவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்தாள். உதடு அசைந்ததா, தெரியாது. அவர் முகம் எங்களுக்குத் தெரியவே இல்லை. இதில் கூட்டிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வெளியே வந்தாள்.

"பேசினீங்களாம்மா?" என்றார் டாக்டரம்மா. "ஏதாவது பதில் இருந்துதா?"

"அது எங்களுக்குள்ள."

7

மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னம்மா சொல்லட்டும் டாக்டர்கிட்ட?"

தங்கை வாயைத் திறந்தாள்.

இங்கே நிறுத்தியிருக்கிறேன். என்னிடம் இரண்டு வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. 'இருக்கட்டும்' என்று ஒன்று. 'போதும்' என்று ஒன்று. முதலாவதை எழுதினால் புண் ஆழமாகும், குழாய் இறங்கும், உடம்பு தூக்கிப் போடும். இரண்டாவதை எழுதினால் அந்த அறை அமைதியாகிவிடும். எதை எழுதினாலும் அதைச் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன், அவளாக இருக்கமாட்டாள். எழுதாதவரை மாப்பிள்ளைக்கு மூச்சு போய் வந்துகொண்டிருக்கிறது. இதைக் கருணை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். என் தங்கையை நான் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அவள் என்ன சொன்னாள்? யோசித்துச் சொல்லலாம், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பச்சைத் தாழ்வாரத்தில் மருமகள் பதிலுக்காக நின்றுகொண்டே இருக்கிறாள். உட்கார அவளுக்கு ஒரு நாற்காலிகூட நான் எழுதி வைக்கவில்லை.