கதவைத் தட்டியவர்கள்

எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டக்கூடாது. மணி அடிக்கலாம், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தலாம். தட்டினால் தொலைந்தோம். தம்பிக்கு ஒன்பது வயதில் சரியான விளையாட்டுக் கிறுக்கு. அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு ஓடினான். கூடத்தைக்கூடத் தாண்டவில்லை. அப்பா ஈர உடம்போடு வந்து, பிடரியைப் பிடித்து, அவன் முகத்தைச் சுவரில் மோதினார். முன்பல் இரண்டும் தரையில் கிடந்தன. அம்மா அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, "அவருக்கு அந்தச் சத்தம் ஆகாதுன்னு தெரியும்ல?" என்று தம்பியைத்தான் திட்டினாள். எங்கள் வீட்டு நியாயம் அப்படி.

அப்பா பத்து வருடம் கடற்படையில் இருந்தார். பிறகு முப்பது வருடம் போலீஸ். இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். வெளியில் அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. வீட்டில் அவர் எப்படி என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

காரணத்தை எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னார், முதல் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது. அவருடைய இருபத்து மூன்றாவது வயதில் கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்திருக்கிறது. இரும்புக் கதவை மூடி, அதன் சக்கரத்தை முறுக்கச் சொல்லி உத்தரவு. மூடினார். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் அவருடைய படுக்கைக்கு மேல்படுக்கையில் தூங்குகிறவன். முடியை வைத்து 'சுருட்டை' என்றே கூப்பிடுவார்களாம்.

"தட்டினாங்கடி," என்றார் அப்பா. "முதல்ல கையால. அப்புறம் ஸ்பேனரால. நான் சக்கரத்தைப் பிடிச்சுத் தொங்கிட்டு நின்னேன். உள்ளங்கைத் தோலு அதுலயே ஒட்டிக்கிச்சு. திறந்திருந்தா இருநூறு பேரும் போயிருப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டல. எனக்குப் பதக்கம் குடுத்தாங்க."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என் கைமேல் வைத்த அந்த உள்ளங்கை ரேகையே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் தட்டினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், குளியலறைக்குள் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. "அப்பா" என்று ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை. பஸ் பணிமனையில் இன்ஜின் பிரிக்கிறவள் நான். என் கை கனமான கை. இரண்டு முஷ்டியாலும் கதவை இடித்தேன். உள்ளே தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்த ஓசை பாதியில் நின்றது.

"திறக்க மாட்டேன்டா! மன்னிச்சுக்கடா சுருட்டை, திறக்க மாட்டேன்!"

முதுகைக் கதவுக்குக் கொடுத்து, எதிர்ச்சுவரைக் காலால் உதைத்துக்கொண்டு, எழுபத்திரண்டு வயது மனிதர் என்னோடு மல்லுக்கட்டினார். நான் பதறப் பதற இன்னும் பலமாக இடித்தேன். கடப்பாரையால் கீலைப் பெயர்த்து உள்ளே போனபோது, காலைச் சுவரில் ஊன்றியபடியே கிடந்தார். உடம்பு சூடாக இருந்தது. உயிர் இல்லை. விழுந்த உடனேயே போய்விட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். தட்டியே கொன்றேன். அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நினைவுக் கூட்டம் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களின் சங்கக் கட்டடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், காதைக் கிழிக்கும் மைக், மேஜைமேல் சீருடையில் அப்பா படம். ஒவ்வொருவராக எழுந்து, அவர் யார் யார் எலும்பை எண்ணினார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி உதட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் இன்றைக்கும் பல் தெரியச் சிரிப்பதில்லை.

டீ கொடுக்கும்போது அறுபதை நெருங்கிய ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய வலதுகை விரல்கள் கோணிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"நான் ஒரு காலத்துல சைக்கிள் திருடன்மா. ஸ்டேஷன்ல 'குருவி'ன்னு கூப்பிடுவாங்க. உங்கப்பா என்னை அடிச்சிருக்காரு."

"அவரு யாரைத்தான் அடிக்கல?"

"திருடினதுக்கு ரெண்டே அறைதான். அதுக்கப்புறம் டீகூட வாங்கிக் குடுத்தாரு. ராவெல்லாம் ஒரே தாகம். விடிஞ்சதும் தண்ணி கேட்டு லாக்கப் கதவைத் தட்டினேன். உள்ள வந்தாரு. தட்டின கையைத் தரையில அழுத்தி பூட்ஸால மிதிச்சாரு. மிதிச்சுக்கிட்டே அழுதாரும்மா. முப்பது வருஷமா யோசிச்சுப் பாக்குறேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

சத்தியமாவது ஒன்றாவது. எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், தீ, சுருட்டை, கடைசியில் குளியலறை.

"அப்போ அந்த அடி எனக்கே இல்லையா?" என்றார் குருவி. "என்னை யாருன்னுகூடப் பாக்கலையா அந்த ஆளு?"

நேராக மேஜைக்குப் போனார். கோணல் கையை மடக்கி அப்பா படத்தின் கண்ணாடியைத் தட்டினார். மூன்றாவது தட்டில் விரிசல் விட்டது. நான்காவதில் உடைந்து, விரல் மூட்டு கிழிந்து, அப்பாவின் சீருடைமேல் ரத்தம் வடிந்தது. "திறங்க சார்! தண்ணி குடுங்க சார்!" என்று கத்திக் கத்தித் தட்டினார்.

வேலை ஓய்ந்தும் கை ஓயாத நாலு பேர் பாய்ந்தார்கள். வயிற்றில் முட்டி, வாயில் முழங்கை. ஒரு பல் தெறித்து மைக்கடியில் விழுந்தது. தம்பி அதையே பார்த்தான். குருவியை இழுத்துப் போய் நாற்காலி அடுக்கும் அறைக்குள் எறிந்து தாழ் போட்டார்கள். சங்கச் செயலாளர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஜீப் வரட்டும், மிச்சத்தை அங்க வச்சுக்கலாம்," என்றார்.

உள்ளே இருந்து தட்டும் சத்தம் வந்தது.

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை.

"தள்ளுங்க மாமா," என்றேன்.

"உங்கப்பா மரியாதைக்காகத்தாம்மா இதெல்லாம்."

அவர் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்குவது என் முஷ்டிக்குத் தெரிந்தது. இன்னொருவர் என் முடியைப் பிடிக்க வந்தார். தம்பி ஒரு நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் இறக்கினான். அவன் யாரையும் அடித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

தட்டல் வேகமானது. கதவில் கை வைத்தேன். ஒவ்வொரு தட்டும் உள்ளங்கையில் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே," என்று கூப்பிட்டேன். "நான்தான் அண்ணே. இருங்க, திறக்கிறேன்."

தட்டல் நின்றது. இவ்வளவுதான். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும்.

தாழ்ப்பாளை இழுத்தேன். குருவி இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு, அடுத்த அடிக்காகத் தரையில் சுருண்டு கிடந்தார்.

"தம்பி," என்றேன், "தண்ணி கொண்டு வா."