கொஸ்தெலின் போன்

கணவன் கொஸ்தெலின் நாற்பதாம் நாள் சடங்கில் ஔரிக்கா செய்த ஒரே முட்டாள்தனம், போனையும் தானத்தில் சேர்த்ததுதான். பிரெய்லா ஊர் நம்பிக்கைப்படி, செத்தவன் பேரைச் சொல்லி இங்கே கொடுப்பது அங்கே அவனுக்குப் போய்ச் சேரும். அவன் வயதை ஒத்த ஆணாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கீழ்மாடி நேலுவுக்காகக் கோட்டு, சப்பாத்து, தொப்பி என்று எடுத்து வைத்தவள், கொஸ்தெல் கடைசிவரை கையைவிட்டு இறக்காத போனையும் மெழுகுவர்த்தியோடு நீட்டினாள். அங்கே அவனுக்குப் பொழுது போக வேண்டாமா? நேலு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "ஆண்டவன் ஏத்துக்கட்டும் அண்ணி."

அடுத்த மாதம் அவளுடைய பென்ஷனில் கைவைத்தார்கள். கொஸ்தெலின் போனில் ஓடிய சந்தாக்களாம்: சினிமாவுக்கு, கால்பந்துக்கு, பாட்டுக்கு, எதற்கென்றே புரியாத வேறு சிலதுக்கு. "முதல் மாசம் சும்மாதான்டி" என்று சொல்லிச் சொல்லியே கொஸ்தெல் எல்லாவற்றுக்கும் அவளுடைய கார்டைக் கொடுத்து வைத்திருந்தான். இரண்டு பென்ஷன் வந்தபோது உறைக்கவில்லை. இப்போது ஒன்றுதான். வங்கியில் புது கார்டு வாங்கினாள். சந்தாக்கள் புது கார்டுக்கும் மோப்பம் பிடித்து வந்தன. கம்பெனிக்காரப் பெண் தேனாகப் பேசினாள். "ரத்து பண்ண ஒரு நம்பர் வரும்மா. ஆனா அந்த போனுக்குத்தான் வரும்."

டிசம்பரில் எரிவாயுக் கட்டணத்துக்குப் பணம் எட்டவில்லை. படுக்கையறையில் எரிவாயு வெப்பமூட்டியை நிறுத்தினாள், பிறகு சமையலறையிலும். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கீழே போனாள்.

"போன் வேணாம் நேலு. ஒரு நம்பர் வரும், அத மட்டும் படிச்சுச் சொல்லு."

"சொன்னா மேட்ச் நின்னுபோகுமே அண்ணி."

"குளுருல செத்துருவேன் போலருக்குப்பா."

"அதுக்கு, செத்தவருக்குக் குடுத்தத திருப்பிக் கேப்பீங்களா? அண்ணன் அங்க இருட்டுல உக்காந்துருக்கணுமா?" என்றான் நேலு, கொஸ்தெலின் கோட்டைப் போட்டுக்கொண்டு. உள்ளே அவன் மனைவி சம்ஃபிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் சொன்னதைப் பாதி நம்பியதுதான் ஔரிக்காவுக்குக் கொடுமை. குளிருக்குத் தன் கோட்டோடே படுத்துக் கிடந்தாள். கீழே கோல் விழும்போதெல்லாம் நேலு போட்ட கூச்சல் தரை வழியாக ஏறி வந்தது. தன் காசில் அவன் கத்துகிறான். இவன் சாகட்டும் என்று வேண்டிக்கொண்டாள், மெழுகுவர்த்தி ஏற்றி, ஒழுங்காக மண்டியிட்டு.

பிப்ரவரியில் நேலு பனியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து செத்தான். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். போனைப் பற்றி மெல்ல வாயெடுத்தபோது சம்ஃபிரா, "நாப்பது கழியட்டும்க்கா, அதுவரைக்கும் அவர் சாமானத் தொடக்கூடாது" என்று அழுதாள். ஔரிக்கா பொறுத்திருந்தாள். நாற்பதாம் நாள் விடியுமுன்பே போய், சடங்குக்கான கோதுமை இனிப்பைத் தன் கையாலேயே கிண்டிக் கொடுத்தாள். இத்தனை பிரியமா என்று சம்ஃபிராவுக்கு மனம் உருகிவிட்டது.

பாதிரியார் கிளம்பியதும் சம்ஃபிரா தானத்தை எடுத்தாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்திருந்த நேலுவின் பெரியப்பா மகன் ஃபெனெலை அழைத்தாள். கொஸ்தெலின் கோட்டை அவனுக்கு மாட்டிவிட்டாள். மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, அதோடு போனையும் நீட்டினாள். ஔரிக்கா வாயைத் திறந்தாள்.

"மேட்ச் பாக்காம அங்க அவருக்கு இருப்புக் கொள்ளாதுக்கா" என்றாள் சம்ஃபிரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆண்டவன் ஏத்துக்கட்டும்" என்றான் ஃபெனெல்.

பிறகு ஔரிக்காவின் கையிலும் ஒரு கிண்ணத்தையும் எரியும் மெழுகுவர்த்தியையும் கொடுத்தாள். அவளும் அதையே சொல்ல வேண்டியிருந்தது.

எரியும் மெழுகுவர்த்தியோடு மேலே வந்து ஜன்னல் வழியே பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் கொஸ்தெலின் கோட்டு நின்றுகொண்டிருந்தது. குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தது. மேசையில் அவளுடைய போன் ஒருமுறை அதிர்ந்தது. உங்கள் கார்டில் புதிய சந்தா, முதல் மாதம் இலவசம். மெழுகு உருகி விரலில் வழிந்தது. இன்னொரு கையையும் குவித்துச் சுடரருகே கொண்டுபோனாள். இதமாக இருந்தது. ஊதி அணைக்க மனம் வரவில்லை.