வெட்டுப்பட்ட உதை

“எங்கடா அந்த உதை?”

தெற்கே மெம்ஃபிஸிலிருந்து வந்த ரயிலை விட்டு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியதும் லூடி தன் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

எல்மோர் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். “படம் பாத்தியாக்கா? போலீஸ்காரன் துரத்தறான், நான் திரும்பி ஒண்ணு விடறேன், குதிரைத் தொட்டியில போய் விழறான்...”

“விழறான். அவனாத்தான் விழறான். நீ ஓடற.”

எல்மோர் நின்றுவிட்டான்.

“தியேட்டர் மேல்மாடியில, கறுப்பருக்குன்னு விட்ட இடத்துல, நம்ம சனம் மொத்தமும் உன் உதைக்காகத்தான் உக்காந்திருந்துச்சு. நீதானே ஊருக்கெல்லாம் சொல்லியனுப்பின? கீழே வெள்ளைக்காரங்க சிரிச்சதுதான் மிச்சம்.”

கறுப்பனின் கால் வெள்ளைப் போலீஸ்காரனின் பின்புறத்தில் படுவதைத் தெற்கே எந்தத் தியேட்டர்காரனும் காட்ட மாட்டான். கத்தரி போட்டிருப்பான். இது ஏன் முன்பே தோன்றவில்லை? அந்த உதைக்காக எல்மோர் டைரக்டரிடம் நாயாய் அலைந்திருந்தான். “படம் முழுக்கக் கண்ணை உருட்டு. மேல மாவு கொட்டி வெளுத்த பூனையைப் பாத்துப் பேய்னு அலறு. முழங்கால் நடுங்கணும். கடைசியில உதையைத் தர்றேன்” என்றார் அவர். எல்மோர் உருட்டினான். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உருட்டினான்.

“இங்க லாஸ் ஏஞ்சலஸ்ல முழுசா ஓடுதுக்கா. வா, காட்டறேன்.”

சென்ட்ரல் அவென்யூவில் கறுப்பர்களுக்கென்றே இருந்த தியேட்டர். இங்கே மேல்மாடிக்கு ஏற வேண்டியதில்லை. லூடி தொப்பியைக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பூனை வந்தது, பேய் வந்தது, கண்கள் உருண்டன. ஊமைப்படத்துக்குத் திரையடியில் வாசித்த பியானோ வேகமெடுத்தது. போலீஸ்காரன் தடியை ஓங்கினான். எல்மோர் நாற்காலி நுனிக்கு வந்தான்.

திரை ஒரு துள்ளு துள்ளியது. போலீஸ்காரன் தொட்டிக்குள் கிடந்தான். எல்மோர் ஓடிக்கொண்டிருந்தான்.

தெற்கே ஓடித் தேய்ந்த பிரதியைத்தான் இந்தத் தியேட்டருக்கு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெளியே வந்ததும் லூடி மெல்லச் சொன்னாள். “என் சின்னவன் வீட்டுல கண்ணை அப்படித்தான் உருட்டிக்கிட்டுத் திரியறான். மாமா மாதிரியாம்.”

“நான் உதைச்சேன்க்கா. சத்தியமா உதைச்சேன்.”

“சரி, எப்படி உதைச்ச? எனக்கு மட்டும் காட்டு.”

நடைபாதையில் பெட்டியை வைத்தான். இரண்டடி பின்வாங்கி, இடுப்பைத் திருப்பி, வலது காலைத் தூக்கினான். அழகாகத்தான் எழுந்தது கால். லூடியின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“டேய்! என்னடா அங்க கூத்து?”

தெருமுனையில் போலீஸ்காரன். நிஜப் போலீஸ்காரன். வெள்ளை முகம், இடுப்பில் தடி.

தூக்கிய கால் இறங்காமலே நிற்க, எல்மோரின் கண்கள் தாமாகவே விரிந்தன. வெண்விழி தெரிய உருண்டன. ஊன்றிய முழங்கால் ஆடியது. கேமராவின் கைப்பிடியை யாரும் சுற்றவில்லை.

போலீஸ்காரன் முகம் மலர்ந்துவிட்டது. “அட, படத்துல ஓடுவானே, அவன்தானே நீ? எங்க, அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் ஓடிக் காட்டு!”

லூடி குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். தம்பி முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்தரத்தில் நின்ற அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.